என்ஜினுக்கு வைத்த சந்தனம்

மகனே,

நீ உடைத்தது ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை மட்டும்தான். உன் அப்பாவின் காரில் வேறு எது பழுதானதற்கும் நீ பொறுப்பில்லை. நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். ஆவணியில் நீ மெல்பேர்ணுக்குத் திரும்பிப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் அந்தச் செலவு உன் பெயரில்தான் கிடக்கிறது. கலியாணம் முடித்து வந்த காலம் தொட்டு வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். ஒரு தேங்காய் வாங்கினாலும் அது சமையலுக்கா சாமிக்கா என்று பார்த்துத்தான் எழுதுவேன். ஒருவருடைய செலவை இன்னொருவர் பக்கத்தில் எழுதிவிட்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியாது. ஆகவே இந்தக் கடிதத்தை ஒரு திருத்தம் என்று வைத்துக்கொள். தையில் உனக்குக் கலியாணம். மணவறையில் உன் பக்கத்தில் நிற்கவேண்டிய மனிதர் உன்னோடு கதைப்பதில்லை. நீயும் போன் எடுத்தால் "அப்பா எப்பிடி இருக்கிறார்" என்று என்னைக் கேட்கிறாய். அவர் அடுத்த கதிரையில் இருந்துகொண்டு "அவனுக்கு வேலை எப்பிடியாம்" என்று என்னையே கேட்கிறார். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் தந்திக் கம்பியாக நின்றது போதும். இது மணவறை வரைக்கும் வரக்கூடாது.

இதை உனக்கு மனைவியாக வரப்போகிற பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டாலும் கேட்டால் விளங்கும். எங்கள் குடும்பத்தில் ஒளித்துவைக்க எதுவுமில்லை. இருப்பதெல்லாம் பிடிவாதம், அதைக் கலியாணத்துக்கு முதலே அவள் அறிந்துகொள்வது நல்லது. அவளுக்காகவே, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் அப்பா வாழ்நாள் முழுக்கக் கிளார்க் வேலை பார்த்தவர். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முதல் அந்தச் சிவப்பு யப்பான் காரை வாங்கினார். அப்போதே அது பழைய கார். இரண்டு கதவு, இரண்டே இரண்டு ஆசனம், பூனை பதுங்கி இருப்பதுபோல ஒரு உயரம். ஒரு அரிசி மூட்டை வைக்க இடமில்லாத கார் எதற்கு என்று கேட்டேன். "அரிசிக்குத்தானே இவ்வளவு காலமும் உழைச்சனான்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் அதை எடுத்துக்கொண்டு காலி வீதியில் இரத்மலானை வரைக்கும் போய்த் திரும்பி வருவார். கடலோரத்து வெள்ளவத்தையில் ஒரு காரைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது கைக்குழந்தை வளர்ப்பதுபோல. அவர் வளர்த்தார். இப்போது இரண்டு வருஷமாக அவருக்குக் கை நடுங்குகிறது. தேத்தண்ணிக் கோப்பையை நான் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. ஏன் என்று அவரும் கேட்பதில்லை.

இந்த வருஷம் கார் நொண்டத் தொடங்கியது. நாலு சிலிண்டரில் மூன்றுதான் வேலை செய்தது. முதலாவதற்குப் பெற்றோல் போகவில்லை, அதன் இன்ஜெக்டர் அடைத்துவிட்டது, கழற்றிக் கழுவவேண்டும் என்று உன் அப்பா சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார். மருமகளாக வரப்போகிற பிள்ளைக்கு விளங்கும்படி சொல்கிறேன்: இன்ஜெக்டர் என்பது விரலளவு சாமான், ஒரு குட்டி இடியப்ப உரல். மாவுக்குப் பதிலாகப் பெற்றோலைக் கண்ணுக்குத் தெரியாத துளைகளால் பிழிந்து புகைபோல என்ஜினுக்குள் அனுப்பும். மேலே பெற்றோல் வரும் குழாய், கீழே என்ஜின், இரண்டுக்கும் நடுவில் ரப்பர் வளையங்களோடு அது செருகப்பட்டிருக்கும். நாலுக்கும் நாலு. நீ நிச்சயதார்த்தத்துக்கு வந்து நின்றபோது அவர் உன்னைக் கேட்டார். அதைக் கேட்பதற்கு அவர் நாலைந்து நாள் உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீ குழாயைக் கழற்றித் தூக்கினாய். மூன்று இன்ஜெக்டரும் குழாயோடு எழும்பி வந்தன. முதலாவது மட்டும் என்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது. நீ குறடு ஒன்றை எடுத்து அதைப் பிடித்து இழுத்தாய். நான் கராஜ் வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன், அதனால் இது கேள்விப்பட்ட கதை அல்ல.

"இறுகிப்போச்சு அப்பா. வராது."

"வரும். மெல்லமாச் செய்."

"மெல்லமாத்தான் செய்யிறன்."

"உது மெல்லமே? மாட்டுக்குப் பல்லுப் பிடுங்கிற மாதிரி இழுக்கிறாய்."

அப்போதுதான் அந்தச் சத்தம். வயர் செருகுகிற பிளாஸ்டிக் கிளிப் உடைந்து உன் கையில் வந்தது.

"விடு. கையை எடு. எடு எண்டுறன்!"

"அப்ப நீங்களே செய்யுங்கோவன்."

"என்ர கை நல்லா இருந்தா உன்னட்ட ஏன் கேக்கிறன்?"

அதோடு நீ நிறுத்தியிருக்கலாம், தம்பி. நீ சொன்னாய், "இது பழைய இரும்பு அப்பா. வித்துப்போட்டுச் சும்மா இருங்கோ." சொன்னதோடு விடாமல் அன்று மாலையே இரத்மலானையில் பழைய கார் வாங்குகிற ஒருவனுக்குப் போன் பண்ணியும் விட்டாய். நீ திரும்பிப் போன நாள் அவர் விமான நிலையத்துக்கு வரவில்லை. தலையிடி என்றார். அவருக்குத் தலையிடி வந்ததை இத்தனை வருஷத்தில் அன்றுதான் கண்டேன். கராஜில் திறந்துகிடந்த மூன்று ஓட்டைகளையும் கரப்பான் போகாமல் என் பழைய நூல் சேலைத் துண்டால் அடைத்து, பொனெட்டை மூடியது நான்தான்.

பிறகு நவராத்திரி வந்தது. ஆயுத பூசைக்கு நான் வழக்கம்போலக் கல்லில் சந்தனம் அரைத்தேன். தையல் மிசின், அரிவாள், கத்தரிக்கோல், என் கணக்குப் பேனை, அவருடைய ஸ்பனர்கள், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுக் கடைசியாகக் காருக்குப் போவது எங்கள் வீட்டு ஒழுங்கு. ஒவ்வொரு வருஷமும் அவரே பொனெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்த முறை கதிரையை விட்டு எழும்பவில்லை. "செத்த சாமானுக்கு என்னத்துக்குச் சந்தனம்? தையல் மிசினுக்கு வையும், போதும்" என்றார். நான் தட்டோடு கீழே போய், மூடிக்கிடந்த பொனெட்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டு மேலே வந்தேன். அவர் கார் பழுதானதற்காகத் துக்கப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மகனைக் கூப்பிட்டு ஒரு உதவி கேட்டு, அது வசவில் முடிந்ததே என்பதுதான் அவரை அரித்தது. அந்தக் கார் ஓடாமல் கிடக்கும் மட்டும் இந்த வீட்டில் அந்த நாள் முடியப்போவதில்லை. பிள்ளையாரிடம் போய் நின்றேன். நான் கை வைக்காத காரியத்தை அவரிடம் கேட்டுப் பழக்கமில்லை. "நான் தொடங்கிறன், நீர் பாத்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். அம்மாவுக்கும் என்ஜினுக்கும் என்ன என்று. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தையல் மிசினைப் பிரித்துப் பூட்ட எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் காய்ந்து இறுகினால் என்ன நடக்கும் என்பது கொழும்பில் உள்ள எந்த மெக்கானிக்கை விடவும் எனக்குத் தெரியும். இங்கிலீஷ் நானே பேப்பர் வாசித்துப் படித்தது. அவருடைய கார்ப் புத்தகத்தை எடுத்து, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்ஜெக்டர் அதிகாரத்தைத் திருவாசகம் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாக வாசித்தேன். போனில் வீடியோக்கள் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் மிக வேகமாகக் கதைத்தான். வேகத்தைக் குறைத்துவைத்துக் கேட்டபோது கள் குடித்தவன் மாதிரி இருந்தாலும் விஷயம் விளங்கியது. பிறகு ஒருநாள் மத்தியானம் கராஜில் இறங்கினேன். பற்றரி வயரைக் கழற்றினேன். பெற்றோல் மணக்கும் இடம் என்பதால் அந்த நாட்களில் கீழ்வீட்டுப் பக்கம் ஒரு ஊதுபத்தி கூடக் கொளுத்தவில்லை. சாமிக்கு மேலே மட்டும்தான் விளக்கு. கழற்றுகிற ஆணி ஒவ்வொன்றையும் பழைய இட்டலித் தட்டின் குழிகளில் கழற்றிய ஒழுங்கிலேயே வைத்தேன். எது எங்கேயிருந்து வந்ததோ அது அங்கே போகவேண்டும். கணக்கு எழுதுகிறவளுக்கு இது புதிதல்ல.

உன் அப்பா படியில் வந்து நின்றார்.

"என்னப்பா செய்யிறீர்?"

"பாக்கிறன்."

"பாக்கிறதுக்கு ஏன் ஸ்பனர்?"

"கண்ணாடியை மேல விட்டிட்டு வந்திட்டன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். ஆனால் அதற்குப் பிறகு பேப்பர் வாசிக்கிற கதிரை மெல்ல மெல்லப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்து வந்ததை நான் கவனித்தேன்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்தவேண்டும். நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த காலம். நீ நேர்சரிக்குப் போகிற வயது. கோயில் தேர் எங்கள் சின்னத் தெரு ஒழுங்கையின் முகப்பால் வந்தபோது நீ கேற்றுக் கம்பிகளுக்கு நடுவால் தலையை விட்டுவிட்டாய். தலை போனது, திரும்பி வரவில்லை. நான் உன்னைப் பின்னாலிருந்து இழுத்தேன். நீ கத்த, நான் இன்னும் இழுக்க, உன் காதுகள் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டன. உன் அப்பா வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு ஓடிவந்தார். முதலில் என் கையைத்தான் உன்னிடமிருந்து எடுத்தார். பிறகு சவர்க்கார நுரையைக் காதுக்குப் பின்னால் தடவி, "தம்பி, தேரைப் பார். மேல பார். இப்ப கோயில் குருக்களைப் பார்" என்று ஒவ்வொரு பக்கமாக உன்னைப் பார்க்கச் சொல்லிக்கொண்டே, உன் தலையை இம்மி இம்மியாகத் திருப்பித் திருப்பி எடுத்தார். நீ வெளியே வந்ததே உனக்குத் தெரியவில்லை, தேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். இழுக்கிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, தம்பி. அவரிடமிருந்து வந்திருந்தால் கிளிப் உடைந்திராது. அவருக்கும் அந்தப் பொறுமை எங்கேயும் போகவில்லை. தன் கையால் செய்யும்போது இருந்த பொறுமை இன்னொருவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு உன் பிள்ளை ஒரு காரியம் செய்வதை நீ பார்த்துக்கொண்டு நிற்கும்போது இது உனக்கும் விளங்கும்.

புது ரப்பர் வளையங்களுக்காகப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பாகங்கள் விற்கிற கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணர், நல்ல மனிதர். எங்கள் காரை அவருக்குத் தெரியும்.

"நாலு இன்ஜெக்டருக்கும் ரப்பர் வேணும் நானா. மேல ஒண்டு, கீழ ஒண்டு. உடைஞ்ச கிளிப் ஒண்டும் இருக்கு, அதுக்கும் புதுசு."

"மெக்கானிக் எழுதித் தந்தாரா அக்கா?"

"மெக்கானிக் இல்லை. நான்தான் கழட்டுறன்."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஊட்ல ஆம்புள ஆக்கள் இல்லயா?"

"இருக்கினம். அதாலதான் இந்த நிலை."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானா சிரித்துச் சிரித்தே அலுமாரியில் தேடி எடுத்துத் தந்தார். கிளிப்பின் விலை ஒரு சோற்றுப் பார்சலின் விலை. அதற்காகத்தான் இரண்டு ஆம்பிளைகள் இரண்டு மாதம் கதைக்காமல் இருந்தீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் போன் அடித்தது. உன் இரத்மலானை ஆள். "அம்மே, கார் எக்க கவதத தென்னே?" எப்போது காரைத் தரப்போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்கிறான். "விகுணன்னே நே, மல்லி" என்றேன். விற்கிறதாக இல்லை, தம்பி என்று. அதைச் சொல்லும்போது இன்ஜெக்டர் இன்னும் என்ஜினுக்குள்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: எதையும் தூக்குவதற்கு முதல் அதைச் சுற்றிவரத் துப்புரவாக்கு, இல்லாவிட்டால் வெளியே உள்ள ஊத்தை முழுக்க உள்ளே விழும். கார்ப் புத்தகத்தில் இருந்தாலும் இது வீட்டுப் புத்தி. நீயும் அவளும் ஏதாவது ஒன்றைப் பற்றிச் சண்டைபிடிக்கவேண்டி வந்தால், முதலில் அதைச் சுற்றிக் கிடக்கிற பழசையெல்லாம் துடைத்துவிடு. அன்றைக்கு நீ என்ன சொன்னாய், உன் தாய் என்ன சொன்னாள் என்பதையெல்லாம். பிறகு தூக்கு. நான் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் தையல் ஊசியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலாவது இன்ஜெக்டர் இறங்கும் குழியைச் சுற்றிப் பழுப்பாக ஏதோ படைபடையாகப் படிந்திருந்தது. நீ பார்த்திருப்பாய், துரு என்று நினைத்திருப்பாய். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். கடற்காற்றில் துரு வராமல் என்ன செய்யும்? துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டு ஊசியால் கிளறினேன். படைபடையாகப் பேர்ந்து வந்தது. வெளியே பழுப்பு, உள்ளே மஞ்சள், மஞ்சளுக்குள் ஒரு சிவப்பு வரி, பிறகும் மஞ்சள், பிறகும் சிவப்பு. துருவுக்கு இப்படி வரி வராதே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, பெற்றோல் மணத்தையும் மீறிக்கொண்டு அந்த வாசம் மேலே வந்தது.

சந்தனம், மகனே. சந்தனமும் குங்குமமும். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நான் வைத்தது.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கார் வாங்கிய வருஷம் அவர் பொனெட்டைத் தூக்கி எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். "இந்த நாலும் இன்ஜெக்டர். இதுதான் என்ஜினுக்குச் சாப்பாடு தீத்துறது" என்றார். சோறு ஊட்டுகிற கைக்கு அல்லவா முதல் மரியாதை? அதனால் என்ஜினில் வேறு எங்கே வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த நாலுக்கும் ஒரு பொட்டுத் தவறாது. நான் கட்டை. எட்டி எட்டி வைத்தால் மூன்றாவது நாலாவதுக்கு விரல் நுனிதான் படும். எனக்குக் கிட்ட இருந்தது முதலாவது. தட்டில் மிஞ்சியதை எல்லாம் வழித்து அதற்குத்தான் அப்புவேன். பன்னீர் விட்டு அரைத்த சந்தனம் குழிக்குள் வழிந்து இறங்கியிருக்கிறது. அடுத்த ஞாயிறு என்ஜின் சூட்டில் காய்ந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு படை. மேலே வாசம் போய் நிறம் மாறி, துரு மாதிரியே ஆகிவிட்டது. பக்தியை நான் சீமெந்து மாதிரிப் பூசி வைத்திருக்கிறேன். நீ குறட்டால் இழுத்ததை ஒரு யானை வந்து இழுத்திருந்தாலும் அது வந்திராது.

பேர்ந்த துண்டுகளை ஒரு சோசரில் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவர் பேப்பரை மடித்தார்.

"இஞ்சாருங்கோ, இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். "சந்தனம். கோயிலுக்குப் போட்டு வந்தனீரே?"

"இல்லை. உங்கட என்ஜினுக்குள்ள இருந்து வந்தது."

அவருக்கு விளங்கவில்லை. சொன்னேன். சோசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாமி அறையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு எவ்வளவு காலமாகிவிட்டது. இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகும் சிரித்தார். "பிள்ளையாரே அரசமரத்துக்குக் கீழ வெயிலுக்கை இருக்கிறார், என்ர இன்ஜெக்டருக்கு இத்தனை வருஷமாச் சந்தனக் காப்பு!" நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. சோசரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கை நடுங்கியதில் துண்டுகள் கிலுகிலு என்று சத்தம் போட்டன.

"அப்ப அவன் இழுத்ததால..."

"கிளிப் மட்டும்தான் அவன். அதுக்கும் புதுசு வாங்கியாச்சு."

"நான் அவனைக் கண்டபடி பேசிப்போட்டன் என்னப்பா."

"ஓம். பேசினனீங்கள்."

அவரை ஆறுதல்படுத்த வேறு எதுவும் நான் சொல்லவில்லை. உண்மையாக இருக்கிற கணக்கை அழகாக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழும்பி, அலுமாரியிலிருந்து டோர்ச்சை எடுத்துக்கொண்டு, "வாரும்" என்று சொல்லிப் படியிறங்கினார்.

கடைசித் துணுக்கு வரைக்கும் கிளறி எடுத்தோம். மீண்டும் எண்ணெய் அடித்தோம். ஊறவிட்டுச் சாப்பிடப் போனோம், மறுபடியும் அடித்தோம். அடுத்த நாளும் அப்படியே. அவர் டோர்ச் பிடித்தார். வெளிச்சம் என்ஜினின் மேல் ஒரு இடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் வரும்போது திருகினேன், போகும்போது மூச்சு விட்டேன். வெறும் விரலால்தான், குறட்டைத் தொடவே இல்லை. இடியப்ப உரலில் மாவு காய்ந்து பிடித்தால் என்ன செய்வோம்? இந்தப் பக்கம் ஒரு நூலளவு, அந்தப் பக்கம் ஒரு நூலளவு திருப்புவோம். "ஒரு பக்கமாத் திருகாதையும்" என்றார். "உங்களுக்கு இடியப்பம் அவிச்சுத் தந்த கைதான் இது" என்றேன். "அதுதான் பயமாக் கிடக்கு" என்றார். அப்போது அது அசைந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. நான் முகத்தில் காட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் கொஞ்சம் திருகல். பால் பல்லு விழுவதற்கு முதல் ஆடுமே, அப்படி ஆடியது. பிறகு ஒரு சின்ன முத்தச் சத்தத்தோடு என் கைக்கு வந்துவிட்டது.

"வந்திட்டுது" என்றார் உன் அப்பா. எனக்கு முதல் அவர்தான் சொன்னார். ஓட்டையைச் சேலைத் துண்டால் அடைத்துவிட்டு நான் அந்த இடத்திலேயே நின்று கும்பிட்டேன். கையில் எண்ணெயோடுதான். பிள்ளையார் அதைப் பெரிதாக எடுக்கமாட்டார்.

நாலையும் இரத்மலானையில் இன்ஜெக்டர் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே வேலை செய்கிற பொடியன் கண்ணாடிக் குழாயில் பீச்சிக் காட்டினான். நாலும் ஒரே மாதிரி, பனிபோல. பழைய வளையங்கள் பார்வைக்கு நல்லாத்தான் இருந்தன, உன் அப்பா அவற்றையே வைத்திருப்போமா என்றார். நான் விடவில்லை. ஒருமுறை இறுகிய ரப்பரை மறுபடி போட்டால் மறுபடியும் ஒழுகும். புதியவற்றில் என்ஜின் எண்ணெய் தடவி, இட்டலித் தட்டில் இருந்த ஒழுங்கைப் பின்னாலிருந்து பார்த்து ஒவ்வொன்றாகப் பூட்டினேன். தட்டில் ஒரு ஆணி கூட மிஞ்சவில்லை. அவர் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை பிடித்தது. நாலு காலிலும். ஒழுங்கையில் போன மீன்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தான். உன் அப்பா ஸ்டியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஸ்டியறிங்கைப் பிடித்திருக்கும்போது அவர் கை நடுங்குவதில்லை, தம்பி. டாக்டரிடமும் கேட்டுவிட்டேன், பகலில், மெதுவாக, இடைக்கிடை நிறுத்தி ஓட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்.

உனக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். "ஓம், ஓம்" என்றார். எடுக்கவில்லை. நான் திரும்பக் கேட்கவில்லை. இழுத்தால் என்ன உடையும் என்று எனக்குத் தெரியும். சாப்பிடும்போது ஒருநாள், "உங்கட மகன் நாலும் சேர்ந்து ஓடுற சத்தத்தைக் கேட்டதே இல்லை, பாவம்" என்றேன். இன்னொரு நாள், கலியாணத்துக்கு உன்னோடு மெல்பேர்ணிலிருந்து வருகிற அவளையும் அவளுடைய ஆட்களையும் ஏற்றப் பெரிய வான் ஒன்று பேசவேண்டும் என்றேன். நேற்றுப் பின்னேரம் அவர் கராஜிலிருந்து மேலே வந்து, கை துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவன்ர பிளைட் எத்தனை மணிக்காம்?"

"காலமை பத்து மணிக்கு. ஏன்?"

"வானில சாமானையும் அந்தப் பிள்ளையையும் அவையின்ர ஆக்களையும் ஏத்துவம். அவனை நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"உந்தக் காரிலயோ? கட்டுநாயக்கா மட்டும்?"

"ஏன், ஓடாதே?"

"ஓடும். நானும் வரட்டே?"

"நீர் எங்க இருக்கிறது? ரெண்டு சீற்தானே."

ரெண்டு சீற்தான். இந்தக் காரை வாங்கியபோது இதற்காகத்தான் நான் அவரோடு சண்டை பிடித்தேன். இப்போது நானே சொல்கிறேன், அந்தக் காருக்கு மூன்றாவது சீற் இருந்திருந்தால் நானும் ஏறியிருப்பேன், வழி முழுக்க நான்தான் கதைத்திருப்பேன், நீங்கள் இருவரும் இரண்டு பக்கக் கண்ணாடியாலும் வெளியே பார்த்துக்கொண்டு வந்திருப்பீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வெள்ளவத்தை வரைக்கும், கொழும்பு நெரிசலில், அவர் மெதுவாகத்தான் ஓட்டுவார். உங்களுக்கு நேரம் நிறைய இருக்கும். முதல் வார்த்தை அவர் கதைக்கவேண்டும் என்று காத்திராதே. கதை வராவிட்டால் என்ஜினைக் கேள். நாலும் சேர்ந்து ஓடுகிற சத்தம் எப்படி இருக்கிறது என்று சொல். அது போதும், மிச்சத்தை அவர் திருகிக்கொள்வார்.

அவள் கோபிக்கமாட்டாள், வானில் அவளுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் நிறையக் கதை இருக்கிறது. வருகிற ஆயுத பூசைக்குக் காருக்குப் பொட்டு உண்டு, ஆனால் பொனெட்டுக்கு வெளியே.

அப்பா சொல்லச் சொன்னது ஒன்று: விமானத்தால் இறங்கிப் பெட்டியோடு வாசலுக்கு வராதே, பெட்டியை வான்காரனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வா. காரில் உன் பெட்டிக்கு இடமில்லை, உனக்கு இருக்கிறது.

அம்மா